தனிவழி சென்ற மங்கை – மேரி கிங்ஸ்லி



அடுத்த தெருவிலுள்ள கடைக்குச் செல்வதென்றாலும் தம்பியையாவது துணைக்கு அழைத்துச் செல் என்று கூறும் இல்லங்களில் வளர்பவர்கள் நாம். 130 ஆண்டுகளுக்கு முன்னர், உறவினரோ நண்பரோ உடன் வராமல், கடல் கடந்து வெப்ப நாட்டுக் காடுகளுக்குள் சென்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே காண்போம்.

மேரி கிங்ஸ்லி 1862ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் கிங்ஸ்லி ஒரு மருத்துவர். பல நாடுகளைச் சுற்றி வந்தவர். புகழ்பெற்ற எழுத்தாளர் சார்லஸ் கிங்ஸ்லி இவருக்குப் பெரியப்பா. இத்தகைய அறிவாளர் குடும்பத்தில் பிறந்தும் மேரி பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்கவில்லை. தம்பி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். அக்காளோ நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். தந்தையின் ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று ஜெர்மன் மொழி மட்டும் கற்பிக்கப்பட்டது. ஆயினும் மேரி சோர்ந்துவிடவில்லை. தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று. பயண நூல்களையும் அறிவியல் நூல்களையும் ஒன்றுவிடாமல் படித்தார்.

1892ஆம் ஆண்டில் தந்தையும் தாயும் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மறைந்தனர். அப்போது மேரிக்கு வயது 29. வாழ்நாளில் முதன்முறையாக அவர் நேரம் அவருக்கே உரியதாயிற்று. அவர் தேர்ந்தெடுத்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா! காய்ச்சலால் ஐரோப்பியர் பலர் மாண்டதால், வெள்ளையரின் கல்லறை என்று பெயர் பெற்றிருந்த பகுதி அது. அறிந்தவர் அனைவரும் வேண்டாம் என்றே தடுத்தனர். 1893 ஆகஸ்டில் அவர் கப்பல் ஏறினார்.

சியரா லியோன் நாட்டின் பிரீடவுன் துறைமுகம் அவரை வரவேற்றது. கொளுத்தும் வெயில், வண்ண ஆடைகள், சந்தையின் இரைச்சல் யாவும் அவருக்குப் புதுமை. தெற்கே அங்கோலா வரை சென்றார். அச்சம் தரும் நாடு என்று கேட்டு வந்தவருக்கு, அன்பும் அறிவும் உள்ள மனிதர் வாழும் நாடு கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் ஒன்றும் விளங்காத பச்சை இருளாகத் தோன்றிய காடு, நாள் செல்லச் செல்ல ஒவ்வொரு மரமாகவும் கொடியாகவும் பூச்சியாகவும் பிரிந்து தெரிந்தது.

1894 டிசம்பரில் மீண்டும் புறப்பட்டார். இம்முறை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக மீன்களைச் சேகரிக்கும் பொறுப்பும் இருந்தது. காபோன் நாட்டின் ஒகோவே ஆற்றில் அந்நாட்டுப் படகோட்டிகளுடன் சென்று, தாமே படகு வலிக்கவும் கற்றார். துணியும் தூண்டில் முள்ளும் புகையிலையும் கொடுத்து உணவு பெற்றார். வணிகராய் வருபவரிடம் மக்கள் அஞ்சமாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. காட்டிலும் அவர் அணிந்தது இலண்டனில் அணியும் நீண்ட, தடித்த பாவாடைதான். ஒருமுறை விலங்கு பிடிக்கும் குழியில் விழுந்தபோது, அடியில் நட்டிருந்த கூரிய முளைகள் உடலில் பாயாமல் காத்தது அந்தப் பாவாடையே! படகின் மேல் கால் வைத்து ஏற முயன்ற முதலையைத் துடுப்பால் மூக்கில் அடித்தும் துரத்தினார்.

1895 செப்டம்பரில், 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த காமரூன் மலையில் ஏறினார். உடன் வந்தோர் ஒவ்வொருவராகப் பின்தங்க, உச்சியை அடைந்தபோது தனியே நின்றார். மூடுபனியால் காட்சி எதுவும் தெரியவில்லை. தம் பெயர்ச்சீட்டைக் கற்களிடையே வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் கொணர்ந்த மீன்களுள் மூன்று இனங்களுக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் ஊர்க் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. பள்ளி செல்லாதவர் பெயர் இன்று விலங்கியல் பாடத்தில் நிலைத்திருக்கிறது! 1897இல் அவர் எழுதிய பயண நூல் பெரும்புகழ் பெற்றது.

கிங்ஸ்லி அம்மையாரின் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. பிரிட்டிஷ் வணிகம் ஆப்பிரிக்காவில் வளர வேண்டும் என்றே அவர் விரும்பினார். சமயப் பணியாளர்களின் முறைகளைக் குறை கூறினார். எனினும் கலபாரில் தொண்டு செய்த மேரி ஸ்லெசரை மிகவும் மதித்தார். ஆப்பிரிக்க மக்களுக்குத் தமக்கெனச் சட்டமும் நீதியும் உண்டு என்று மேடைதோறும் எடுத்துரைத்தார். சியரா லியோனில் குடிசைகளுக்கு வரி விதித்ததை எதிர்த்தார். அதற்குத் துணிவு வேண்டும் அல்லவா?

1900ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் போர் நடந்தபோது, சைமன்ஸ் டவுன் நகரில் நோயுற்ற போயர் கைதிகளுக்கு, அதாவது தம் நாட்டின் பகைவர்களுக்கு, செவிலியாகப் பணிபுரிந்தார். அங்கே பரவிய டைபாய்டு காய்ச்சல் அவரையும் பற்றியது. ஜூன் 3ஆம் நாள், 37ஆம் வயதில் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது.

தோழியரே! நாம் அனைவரும் காட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு முடிந்ததும், அண்ணன் படிக்கட்டும், நீ வீட்டைப் பார்த்துக்கொள் என்ற சொல்லைக் கேட்கப்போகிறவர்கள் நம்முள்ளும் சிலர் இருக்கலாம். அவர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். இவ்விதழைப் படிக்கும் பெற்றோரே! முப்பது வயது வரை மூடிய கதவுக்குள் இருந்தும் மேரி கிங்ஸ்லி இவ்வளவு சாதித்தார். அக்கதவு பதினைந்து வயதிலேயே திறந்திருந்தால்? சற்று எண்ணிப் பாருங்கள்.