அழகில்லை என்று ஒதுக்கிய பெண் அழகி பட்டம் வாங்கினார்

நடிகை நூதன் வாழ்க்கை: சீதையின் மகள், கோர்ட்டு வரை போன தாய்-மகள் சண்டை

பம்பாய் நடிகை நூதனுக்கும் ராமநாதபுரம் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு.

ராமேசுவரம் ராமர் கதை நடந்த கரை. நூதனின் தாயார் சோபனா சமர்த், சினிமாவில் சீதையாக நடித்துப் புகழ் பெற்றவர். 1943-ல் வந்த 'ராம்ராஜ்யா' படத்தின் சீதை அவர்தான். காந்தியடிகள் பார்த்த படம் என்று பெயர் பெற்ற படம் அது. சோபனாவின் சீதைப் படம் போட்ட காலண்டர்கள் வடநாட்டு வீடுகளில் தொங்கின.

அந்தச் 'சீதை'யின் மூத்த மகள்தான் நூதன். 1936 ஜூன் 4-ந் தேதி பம்பாயில் பிறந்தார். தந்தை குமார்சென் சமர்த், சினிமா டைரக்டர்.

ஒல்லிக்குச்சி

தாயார் பேரழகி. மகளோ ஒல்லிக்குச்சி. சொந்தக்காரர்களே அழகில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அந்தச் சொல் சின்ன வயதில் நூதன் மனதில் முள்ளாய்த் தைத்தது.

தாயார் விடவில்லை. தானே படம் எடுத்து, தானே டைரக்ட் செய்து, மகளை நடிகை ஆக்கினார். 1950-ல் வந்த அந்தப் படம் 'ஹமாரி பேட்டி'. அப்போது நூதனுக்கு வயது 14.

மறு வருடம் 'நகீனா' வந்தது. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சென்சார் 'ஏ' சர்டிபிகேட் கொடுத்துவிட்டது. கதாநாயகிக்கே 15 வயதுதான்! தன் படத்தைப் பார்க்கப் போன நூதனை தியேட்டர் காவலாளி உள்ளே விடவில்லை.

அழகி பட்டம்

1952-ம் ஆண்டு முசௌரி மலையில் அழகிப் போட்டி. மிஸ் இந்தியா பட்டம் நூதனுக்குக் கிடைத்தது. அழகில்லை என்றவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

(அதே வருடம் மிஸ் இந்தியா ஆன இன்னொருவர், சென்னையில் பிறந்த நடனமணி இந்திராணி ரகுமான். அமெரிக்காவில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்குப் போனவர் அவர்.)

பட்டத்தால் பட வாய்ப்பு குவிந்துவிடவில்லை. நூதனை மேற்படிப்புக்கு சுவிட்சர்லாந்து அனுப்பினார் தாயார். திரும்பி வந்த நூதன் உடம்பும் தேறி, தைரியமும் பெற்றிருந்தார்.

1955-ல் 'சீமா' படம். திருட்டுப் பழி சுமந்து சீர்திருத்த இல்லத்தில் அடைபடும் அனாதைப் பெண் வேடம். சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் பரிசு கிடைத்தது. 'சுஜாதா'வில் (1959) பிராமணர் வீட்டில் வளரும் தீண்டத்தகாத குலத்துப் பெண். 'பந்தினி'யில் (1963) கொலை செய்துவிட்டு ஜெயிலில் இருக்கும் கைதி. இரண்டுக்கும் பரிசு. இரண்டும் டைரக்டர் பிமல்ராய் படங்கள்.

அழகி பட்டம் வாங்கியவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை பட்டும் நகையும் இல்லாத, அதிக மேக்கப் இல்லாத வேடங்கள்தான்.

இடையில் 1959-ல் கடற்படை அதிகாரி ரஜனீஷ் பகலை மணந்தார். 1961-ல் மகன் மோனிஷ் பிறந்தார். கல்யாணம் ஆனால் நடிகைக்கு மார்க்கெட் போச்சு என்பது அந்தக் காலத்துப் பேச்சு. நூதன் விஷயத்தில் அது பலிக்கவில்லை.

நம்ம ஊர்க் கதைகள்

தமிழ் ரசிகர்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த பல கதைகள் இந்திக்குப் போய் நூதனிடம் சேர்ந்தன. சிவாஜி நடித்த 'பாகப்பிரிவினை' இந்தியில் 'கான்தான்' ஆனது. அதில் சரோஜாதேவி வேடம் நூதனுக்கு. 'படிக்காத மேதை' 'மெஹர்பான்' ஆனது. சவுகார் ஜானகி வேடம் நூதனுக்கு. 'சாந்தி' 'கௌரி' ஆனது. மூன்றையும் டைரக்ட் செய்தவர் பீம்சிங். 'மெஹர்பான்' படத்தைத் தயாரித்தது ஏவி.எம். அதன் அதிபர் மெய்யப்ப செட்டியார், அந்நாளைய ராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடிக்காரர்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ரயிலும் கடலில் மூழ்கியது. அந்த நேரம் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ராமேசுவரத்தில் இருந்தார்கள்; உயிர் தப்பினார்கள். அந்த வருடம்தான் சாவித்திரி நடித்த 'மூக மனசுலு' தெலுங்குப் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. படகோட்டியும் பணக்காரப் பெண்ணும் பற்றிய பூர்வஜென்மக் கதை. அதையே எல்.வி.பிரசாத் இந்தியில் 'மிலன்' என்று எடுத்தார். சாவித்திரி வேடத்தில் நூதன் நடித்தார். 1967-ல் வந்த இந்தப் படத்துக்கும் பிலிம்பேர் பரிசு. அதே கதையைத் தமிழில் 'பிராப்தம்' என்று சாவித்திரியே சொந்தமாக எடுத்தார். 1971-ல் வந்த அந்தப் படம் அவருக்கு நஷ்டத்தைக் கொடுத்தது.

தாய்-மகள் தகராறு

நூதன் வீட்டிலும் பணம்தான் பகையாக வந்தது. 1960-ல் 'சபிலி' என்ற படத்தில் நூதனையும் தங்கை தனுஜாவையும் சேர்த்தே நடிக்க வைத்தவர் தாயார். அதில் நூதன் சொந்தக் குரலில் பாட்டும் பாடினார். அதன்பிறகு உறவு கெட்டது. பட வருமானம், வரி, கணக்கு என்று தொடங்கிய தகராறு கோர்ட்டுப் படி ஏறியது. பெற்ற தாயும் மகளும் எதிர் எதிர்க் கட்சி.

கிட்டத்தட்ட 20 வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நூதன் பரிசு மேல் பரிசு வாங்கினார். 1974-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1978-ல் வந்த 'மைன் துளசி தேரே ஆங்கன் கீ' படத்துக்கு 42 வயதில் 5-வது தடவையாகச் சிறந்த நடிகை பரிசு. எல்லாம் வந்தது, அம்மா மட்டும் பக்கத்தில் இல்லை.

1983-ல்தான் இருவரும் சமாதானம் ஆனார்கள்.

டி.வி.யில் நூதன்

வயது ஏற ஏற மற்ற நடிகைகள் ஒதுங்கினார்கள். நூதன் அம்மா வேடத்துக்கு வந்தார். 1985-ல் வந்த 'மேரி ஜங்' படத்துக்குத் துணை நடிகை பரிசு. இந்தக் கதைதான் தமிழில் டி.ராஜேந்தரின் 'ஒரு தாயின் சபதம்'. 1986-ல் 'கர்மா' படத்தில் திலீப்குமாரின் மனைவியாக நடித்தார்.

பிறகு டி.வி. தூர்தர்ஷனில் 'முஜ்ரிம் ஹாசிர்' என்ற தொடர். வங்காள எழுத்தாளர் விமல் மித்ரா எழுதிய கதை. அதில் காளிகஞ்ச் மருமகள் என்ற வயதான பெண்ணாக நூதன் வந்தார். ஒரு காலத்து மிஸ் இந்தியா, வீட்டுக்கு வீடு கிழவி வேடத்தில்!

ராமநாதபுரம் கடற்கரையில் அப்போது உயரமான கம்பம் நட்டு, ஆண்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்த காலம். தூர்தர்ஷனில் ராத்திரி ஆனால் இந்திதான். பாஷை புரியாவிட்டாலும் முகம் பார்த்தே கதை புரிந்துகொண்டவர்கள் உண்டு.

மரணம்

1990-ல் நூதனுக்கு மார்புப் புற்றுநோய் என்று டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். 1991 பிப்ரவரி 21-ந் தேதி பம்பாய் ஆஸ்பத்திரியில் மரணம் அடைந்தார். வயது 54. அவர் நடித்த 'இன்சானியத்' படம் 1994-ல்தான் வெளிவந்தது.

'மின்சாரக் கனவு' படத்தில் நடித்த காஜோல், தங்கை தனுஜாவின் மகள். பெரியம்மாவைப் போல அவரும் 5 தடவை சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் பரிசு வாங்கினார்.

மகளைப் பறிகொடுத்த தாயார் சோபனா 2000-ம் ஆண்டு வரை உயிரோடு இருந்தார். கணக்குத் தகராறில் போனது 20 வருடம். சமாதானம் ஆனபிறகு தாயும் மகளும் சேர்ந்து இருந்தது 8 வருடம்தான்.