பாலசரசுவதி: தாய்வழி வந்த கலை

வீணை தனம்மாளின் பேத்தியாக 1918இல் சென்னையில் பிறந்தவர் தஞ்சாவூர் பாலசரசுவதி. பாட்டியின் வீணையும் தாய் ஜெயம்மாளின் பாட்டும் அவருக்கு இசையைத் தந்தன; மயிலாப்பூர் கௌரி அம்மாளின் நடனம் ஆடும் ஆசையைத் தந்தது. கந்தப்பப் பிள்ளையிடம் கடும் பயிற்சி பெற்று, 7 வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார்.

தேவதாசி மரபைச் சமூகம் இழிவாகக் கருதிய காலம் அது. பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிப்பதை 1947ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது; அது நியாயமே. ஆனால், அந்தப் பெண்கள் காத்த கலைக்கும் களங்கம் கற்பிக்கப்பட்டது. சிருங்காரத்தைக் குறைத்துப் பரதத்தைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்ற வாதத்தைப் பாலசரசுவதி ஏற்கவில்லை. தாய் பாட, மகள் ஆடும் குடும்ப வழக்கத்தையே மேடைக்குக் கொண்டுவந்தார்.

1973இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியது. இசைக்குரிய அவ்விருதை ஒரு நடனக் கலைஞர் பெற்றது அதுவே முதன்முறை. பரதத்தைக் கொண்டாடும் சென்னை, அதைக் காத்தளித்த பெண்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.