ஹோமி பாபா: ஆற்றலும் பாதுகாப்பும்

மும்பையில் செம்பூரை அடுத்துக் கடலோரத்தில் உள்ள பகுதி டிராம்பே. அங்குள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் ஓர் அறிவியல் மேதையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரே ஹோமி ஜஹாங்கீர் பாபா.

இவர் 1909 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள் மும்பையில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். பின்னர் இயற்பியலில் ஈடுபட்டார். 1939 இல் விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது இரண்டாம் உலகப்போர் மூண்டது. ஆகவே அவர் இங்கிலாந்து திரும்பாமல், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி. வி. இராமனுடன் பணியாற்றினார்.

1948 இல் பாபா அணுசக்தி ஆணையத்தின் முதல் தலைவரானார். அவரது முயற்சியால் 1954 இல் டிராம்பே ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1956 ஆகஸ்டு 4 அன்று அங்கு இந்தியாவின் முதல் அணு உலையான அப்சரா இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் ஆழமான நீர்த்தொட்டியினுள் வைக்கப்பட்டது. அந்நீர் வெப்பத்தைத் தணித்தது, கதிர்வீச்சையும் தடுத்தது.

அணுவில் ஆற்றலும் உண்டு, ஆபத்தும் உண்டு. கதிர்வீச்சைக் கண்ணால் காண இயலாது. 1957 இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் அணு உலையில் தீப்பற்றியது. கதிரியக்கப் பொருள்கள் காற்றில் பரவின. சுற்றுப்புறப் பண்ணைகளின் பாலைக் கொட்டிவிட நேர்ந்தது. டிராம்பேயோ மக்கள் நெருங்கி வாழும் மாநகரின் அருகில் இருந்தது.

1960 பிப்ரவரியில் பாபா ஓர் ஆணை பிறப்பித்தார். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும்போது பணியாளர்க்கோ பிறர்க்கோ எத்தீங்கும் நேரக்கூடாது என்றும், பிற நிறுவனங்கள் பின்பற்றத்தக்க முன்மாதிரியாக அப்பணி அமைய வேண்டும் என்றும் அவர் பணித்தார். 1962 இல் அணு உலைப் பாதுகாப்புக் குழு ஒன்றையும் அமைத்தார்.

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். மறு ஆண்டு டிராம்பே நிலையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1983 இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உருவாயிற்று. இன்று கல்பாக்கம், கூடங்குளம் போன்ற அணுமின் நிலையங்களைச் சூழ்ந்த ஊர்களில் அவசரகால ஒத்திகைகள் நடைபெறுகின்றன. வீட்டினுள் இருந்து கதவு, சன்னல்களை அடைத்தல், அறிவிப்பின்படி அயோடின் மாத்திரை உட்கொள்ளுதல், தேவையெனில் வேறிடம் செல்லுதல் ஆகியவை அவற்றில் கற்பிக்கப்படுகின்றன. ஆபத்து வருமுன் காப்பதே அறிவுடைமை என்பதைப் பாபாவின் பணி உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
மேதை – பேரறிஞர்
ஆணை – கட்டளை
முன்மாதிரி – எடுத்துக்காட்டு
ஒத்திகை – முன்பயிற்சி

விடையளிக்க
1. அப்சராவில் நீர் எவ்விரு வகைகளில் பயன்பட்டது?
2. 1960 இல் பாபா பிறப்பித்த ஆணை யாது?
3. அவசரகாலத்தில் செய்ய வேண்டியவற்றை உம் சொற்களில் எழுதுக.