குளிரில் நடுங்கிய கணிதமேதை

கணிதமேதை இராமானுஜனின் வாழ்க்கையில் என்னைத் தொட்டது அவரது கணக்கல்ல, அவரது படுக்கை. 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பலேறி, கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். சைவ உணவைத் தாமே சமைத்தார். போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. விரித்திருந்த கம்பளிகளுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், மேலேயே படுத்து இரவெல்லாம் நடுங்கினார். நண்பர் மகாலனோபிஸ் விசாரித்த பிறகே அது வெளியே வந்தது. 1916-இல் பட்டம், 1917-இல் கடும் நோய், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919-இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே 32 வயதில் மறைந்தார்.

மாசாயிலிருந்து ஒரு செமஸ்டர் படிக்க வெளிநாடு செல்லும் எனக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மாணவர்களே, தெரியாததைக் கேட்பதற்கு மேதைக்கும் ஒரு நண்பர் தேவை. போனதும் முதலில் அந்த நண்பரைத் தேடுவேன்.