ஆழத்திலிருந்து மீளும் வழி

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்கி எழுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூடியிருந்தவரை அவை எங்கே இருந்தன? அழுத்தத்தின் காரணமாக நீரில் கரைந்திருந்தன. அழுத்தம் மிகுந்தால் நீரில் கரையும் வாயுவும் மிகும். அழுத்தம் குறைந்தால் கரைந்த வாயு வெளியேறும். இவ்விதியை 1803ஆம் ஆண்டில் வெளியிட்டவர் வில்லியம் ஹென்றி என்னும் ஆங்கிலேயர். புட்டிக்குள் நிகழும் இதே நிகழ்ச்சி மனிதனின் குருதியில் நிகழ்ந்தால் என்ன ஆகும்? அதை ஆராய்ந்து பல உயிர்களைக் காத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

இவர் 1860ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்றவர், ஆயினும் மருத்துவமனையைவிட நிலக்கரிச் சுரங்கங்களையே மிகுதியாக நாடினார். நச்சு வாயுவைத் தாமே சுவாசித்து, அதன் விளைவைக் குறித்துக்கொள்வது இவர் வழக்கம். நச்சு வாயுவை முன்னரே அறியச் சுரங்கத்துக்குள் சிறு பறவைகளைக் கொண்டு செல்லும்படி சொன்னவரும் இவரே.

அக்காலத்தில் ஆழ்கடலில் மூழ்கிப் பணிபுரிந்தோர் நலமாகவே மேலே வருவர். சற்று நேரத்தில் மூட்டுவலியால் துடிப்பர். சிலர் கைகால் செயலிழந்தனர்; சிலர் மாண்டும் போயினர். ஆழத்தில் அவர்கள் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் குருதியில் கரைந்து, அங்கிருந்து தசைக்கும் கொழுப்புக்கும் மெல்லப் பரவியிருக்கும். விரைந்து மேலேறினால், திரும்பி வெளியேற நேரமின்றி அது உடலுக்குள்ளேயே குமிழிகளாகிவிடும். இதனைப் பால் பெர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1878இலேயே விளக்கியிருந்தார். ஆனால், எவ்வளவு மெதுவாக மேலேறினால் உயிர் பிழைக்கலாம் என்பதை எவரும் அறியவில்லை.

பிரிட்டிஷ் கடற்படைக்காக ஹால்டேன் இவ்வாய்வை மேற்கொண்டார். ஆடுகளை இரும்பு அறையில் அடைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். வலி கண்ட ஆடு ஒரு காலைத் தூக்கியபடி நிற்கும். பாவம், அதற்கு வேறெப்படிச் சொல்லத் தெரியும்? அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கும்வரை பெருந்தீங்கு இல்லை என்றும், அதன்பின் இடையிடையே தங்கித் தங்கியே ஏறவேண்டும் என்றும் அவர் கண்டறிந்தார்.

ஆட்டுக்குப் பொருந்தியது மனிதனுக்கும் பொருந்துமா? 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் சோதனை நடந்தது. கடற்படையினர் இருவர் 210 அடி ஆழம் சென்று நலமுடன் மீண்டனர். பதின்மூன்று வயதான தம் மகனையும் ஹால்டேன் கடலுக்குள் இறக்கினார். பெரியவர்களுக்கான உடை சிறுவனுக்குப் பொருந்தவில்லை. உள்ளே தண்ணீர் புகுந்தது. அவன் அஞ்சாமல் இருந்து, நடுங்கியபடி மேலே வந்தான். தந்தை செய்தது முறைதானா என்று எனக்கு இன்றும் ஐயமுண்டு. எனினும், பிறரிடம் சோதிப்பதைத் தம்மிடமும் தம் வீட்டாரிடமும் சோதிக்க அவர் தயங்கியதில்லை.

மேலேறுவதற்கான கால அட்டவணை 1908இல் வெளியானது. கடற்படைகள் அதனை ஏற்றுக்கொண்டன. ஹால்டேன் 1936இல் மறைந்தார்.

அன்று நடுங்கிக்கொண்டு மேலே வந்த சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் 1957இல் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார்.