பசை காயலைன்னா மழையைத் திட்டாதீங்க!

பால்சா மரத்துல விமானம் செஞ்சு பார்த்தவங்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். ராத்திரி ஒட்டி வெச்ச இறக்கையைக் காலையில ஆசையா எடுக்கறீங்க. பசை ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுக்குது.

எங்களுக்கு அது போன ஐப்பசியில் நடந்தது. போட்டிக்கு நாலே நாள். மேட்டுப்பாளையத்தில் நண்பன் வீட்டு மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து, இரண்டு பாதி இறக்கைகளையும் எப்பாக்சி போட்டு இணைத்தோம். வெளியே மலையே தெரியாத அளவுக்கு மழை. காலையில் பார்த்தால் பசை இறுகவே இல்லை. உடனே தீர்ப்பும் சொல்லிட்டோம்: மலையடிவாரத்து ஈரம், வேற என்ன?

நண்பனோட அப்பா தச்சு வேலை பார்க்கறவர். எட்டிப் பார்த்தவர் மழையைப் பற்றிப் பேசவே இல்லை. அதே பசையில் நேத்து வேற எதையாவது ஒட்டினீங்களான்னு மட்டும் கேட்டார். ஒட்டியிருந்தோம். சாயங்காலம் ஒட்டிய வால் பகுதி கல்லு மாதிரி இறுகியிருந்தது. அதே அறை, அதே மழை. வாலுக்கு ரெசினையும் ஹார்டனரையும் அளந்து கலந்தோம். இறக்கைக்கு, நடுராத்திரித் தூக்கத்தில், கண் அளவு.

அன்னைக்கு எனக்கு ஞாபகம் வந்தவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட். பால்சாவையும் பசையையும் வைத்து நிஜமான போர் விமானமே கட்டியவர். அந்த விமானங்கள் இந்தியாவில் உடைந்து விழுந்தபோதும், பழி முதலில் நம்ம ஊர் மழை மேல்தான் விழுந்தது. அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்க.

டி ஹாவிலண்ட் 1882 ஜூலை 27 அன்று இங்கிலாந்தில் ஹை விக்கம் அருகே பிறந்தார். அப்பா பாதிரியார். மகனுக்கோ இயந்திரப் பைத்தியம். பொறியியல் படித்து, மோட்டார் நிறுவனங்களில் வேலை பார்த்து, கடைசியில் விமானம் கட்டுவது என்று முடிவெடுத்தார். தாத்தா 1,000 பவுண்டு கொடுத்தார். நண்பர் ஃபிராங்க் ஹெர்ல் கூடவே நின்றார். இறக்கைத் துணியைத் தையல் மிஷினில் தைத்துக் கொடுத்தவர் மனைவி லூயி. நம்ம காலேஜ் புராஜெக்ட் டீம் மாதிரியேதான், இல்லையா?

1909 டிசம்பரில் செவன் பேரோஸ் என்ற புல்வெளியில் அந்த விமானம் எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே இறக்கை ஒடிந்து விழுந்தது. அவர் பிழைத்தார். எஞ்சினும் பிழைத்தது. அதே எஞ்சினை வைத்து, இன்னும் பலமான இரண்டாவது விமானத்தைக் கட்டினார். 1910 செப்டம்பரில் அது பறந்தது. அரசின் பலூன் தொழிற்சாலை அதை 400 பவுண்டுக்கு வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

1920-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பூச்சிகள் மேல் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. அதனால் விமானங்களுக்கும் அந்தப் பெயர்களையே வைத்தார். 1925-ல் வந்த மாத், அதாவது அந்துப்பூச்சி, பல நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் இடம் பிடித்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் ஏற்றிவந்தது டி ஹாவிலண்டின் பஸ் மாத் விமானத்தில்தான். அந்தத் தபால் பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக நம்ம சென்னைக்கும் வந்தது. நம் விமானப்படை விமானிகள் பலர் பறக்கப் பழகியது டைகர் மாத்தில்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. உலோகத்துக்குப் பஞ்சம். எல்லாரும் அலுமினிய விமானம் கேட்ட காலத்தில், மரத்திலேயே வேகமான விமானம் கட்டலாம் என்றார் டி ஹாவிலண்ட். இரண்டு மெல்லிய பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிய பலகைதான் உடல்பகுதி. அதையும் இரண்டு பாதிகளாகச் செய்து சேர்த்து ஒட்டினார்கள். பெயர் மாஸ்கிட்டோ, நம்ம கொசு! 1940 நவம்பர் 25 அன்று மூத்த மகன் ஜெஃப்ரியே அதை முதலில் ஓட்டினார். மொத்தம் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன. மேஜை நாற்காலி செய்யும் பட்டறைகள்கூட பாகங்கள் செய்து கொடுத்தன.

முதலில் பயன்படுத்திய பசை, பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரம் ஏறினால் அதன் பலம் குறையும், பூஞ்சையும் பிடிக்கும். பிறகு யூரியா-ஃபார்மால்டிஹைடு பசைக்கு மாறினார்கள். இது ஹார்டனரோடு சேர்ந்து வேதிவினையால் இறுகுவது, ஈரத்தை நன்றாகவே தாங்கும்.

1944-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே வருஷம் இந்தியாவில் மாஸ்கிட்டோக்கள் பறக்கும்போதே உடைந்து விழத் தொடங்கின. இறக்கையின் மேல்தோல் ஸ்பாரை விட்டுப் பிரிந்துவிட்டதாகச் சந்தேகம். நவம்பரில் இங்கிருந்த மாஸ்கிட்டோக்கள் தரையில் நிறுத்தப்பட்டன. விசாரிக்க வந்த குழுவுக்குத் தலைவர் மேஜர் ஹெர்வர்ட் டி ஹாவிலண்ட். ஆமாங்க, சொந்தத் தம்பிதான். டிசம்பர் தொடக்கத்தில் அறிக்கை தயார். பசையில் குற்றமில்லை, பருவமழைக் காலத்தில் மரம் சுருங்கியதே காரணம் என்றது அது.

கதை அதோடு முடியலை. பிறகு நடந்த விசாரணைகளில், இங்கிலாந்தில் இருந்த விமானங்களையே பிரித்துப் பார்த்தார்கள். பருவமழையையே பார்க்காத, கரையானும் அண்டாத விமானங்கள் அவை. அவற்றிலும் அதே மாதிரிக் குறைகள்! ஹாட்ஃபீல்டிலும் லீவ்ஸ்டனிலும் இருந்த டி ஹாவிலண்ட் ஆலைகளில் ஒட்டு வேலையே சரியில்லை என்று முடிவு வந்தது. எங்க வால் பகுதி சொன்ன அதே பாடம்தான். பழி சுமந்த மழை அங்கே இல்லவே இல்லை, கோளாறு மட்டும் இருந்தது. ஆனாலும் விமானத்தின் மேல் நம்பிக்கை போய்விடக் கூடாது என்று, பெரும்பாலும் தட்பவெப்பமே காரணம் என்ற பழைய பேச்சையே விமான அமைச்சகம் பிடித்துக்கொண்டது. இறக்கைத் தோலின் இணைப்பு நெடுக ஒரு பிளைவுட் பட்டை ஒட்டி, நீர் புகாமல் அடைத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு அவரை ஒரேயடியாக வில்லன் ஆக்கிடாதீங்க. அந்த விமானங்களில் அவருடைய சொந்தப் பிள்ளைகளே பறந்தார்கள். இளைய மகன் ஜான் 1943-ல் இரண்டு மாஸ்கிட்டோக்கள் வானில் மோதியதில் இறந்தார். 1946-ல் மூத்த மகன் ஜெஃப்ரி, டி.எச். 108 என்ற சோதனை விமானம் உடைந்ததில் இறந்தார். துக்கத்திலேயே உடைந்துபோன லூயி 1949-ல் காலமானார்.

அதே 1949-ல், அவருடைய பிறந்தநாளான ஜூலை 27 அன்று, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட் பறந்தது. 1952 மே 2-ல் சேவை தொடங்கியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு காமெட் இடிமழையில் சிக்கி உடைந்தது. 43 பேர் இறந்தார்கள். கடும் புயல் அதன் கட்டமைப்பை உடைத்துவிட்டது என்று முடிவானது. 1954 ஜனவரியில் எல்பா தீவருகே இன்னொன்று விழுந்தது. காரணம் கண்டுபிடிக்கும் முன்பே, சில மாற்றங்கள் செய்து மார்ச்சில் மறுபடியும் பறக்க விட்டார்கள். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது காமெட் விழுந்தது.

இந்த முறைதான் முழுசாகத் தேடினார்கள். ஒரு காமெட் உடலையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அது கிழியும் வரை சோதித்தார்கள். உலோகச் சோர்வு! ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலைகளில் விரிசல் தொடங்கியது தெரிந்தது. பொது விசாரணை நடந்தது, முடிவுகள் உலகத்துக்கே தெரிந்தன. மற்ற நாட்டுக் கம்பெனிகள் அதைப் படித்தே தங்கள் ஜெட்களைப் பலப்படுத்தின. டி ஹாவிலண்ட் கம்பெனி முதல் இடத்தை இழந்தது. அதற்குப் பின் விமானத்தில் ஏறிய எல்லாரும், நாமும்தான், அந்தத் தொட்டிக்குக் கடன்பட்டவர்கள். 1965 மே 21 அன்று அவர் இறந்தார். அஸ்தியை, முதல் விமானம் ஒடிந்து விழுந்த அதே செவன் பேரோஸ் புல்வெளி மேல் வானிலிருந்து தூவினார்கள்.

சரி, இப்போ உங்க மேஜை மேல் இருக்கிற பிசுபிசு இறக்கைக்கு வருவோம்.

முதலில் எந்தப் பசை என்று பாருங்க. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, தண்ணீர் வெளியேறினால்தான் காயும். மழைநாளில் அது தாமதமாவது நியாயம். உடனே ஒட்டும் சின்ன டியூப் பசைக்கு ஈரம் தேவை, அதனால் மழைநாளில் வேகமாகவே பிடிக்கும். எப்பாக்சி, ரெசினும் ஹார்டனரும் வினைபுரிந்து இறுகுவது. அங்கே அளவுதான் முக்கியம்.

எப்பாக்சி கலந்த மூடியைத் தூக்கிப் போடாம வெச்சிருங்க. மூடியில் மிச்சமிருப்பது இறுகி, மரத்தில் மட்டும் பிடிக்கலைன்னா, ஒட்டின இடத்தில் எண்ணெயோ தூசியோ இருந்திருக்கும். மூடியிலும் பிசுபிசுன்னா கலவையில்தான் தப்பு, அல்லது குளிர். குளிராக இருந்தால் 40 டிகிரி அளவில் சில மணி நேரம் இதமாகச் சூடு காட்டுங்க. அப்படியும் இறுகலைன்னா மனசைக் கல்லாக்கிட்டுச் சுரண்டுங்க. மேலே ஹார்டனரை மட்டும் தடவாதீங்க, அளவு மீறிய ஹார்டனர் வினைபுரியாமல் அப்படியே தங்கிவிடும். சுரண்டிய இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைங்க. அசிட்டோன் பட்டால் தெர்மாகோல் கரைஞ்சு போயிடும், ஜாக்கிரதை. நன்றாகக் காய்ந்ததும் புது மரம் தெரியும் வரை உப்புத்தாள் போடுங்க. பசை டப்பாவில் அளவு எடையிலா, கொள்ளளவிலா என்று படித்து, அப்படியே அளந்து, ஓரமெல்லாம் வழித்து இரண்டு நிமிஷம் கலக்குங்க. கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்கத் தொடாதீங்க.

நாங்களும் அப்படித்தான் செஞ்சோம். ஒரு முழு சாயங்காலம் சுரண்டல்லயே போச்சு. மறுபடி ஒட்டிய அன்னைக்கும் மேட்டுப்பாளையத்தில் மழை கொட்டியது. காலையில் இறக்கை கல்லு மாதிரி இருந்தது. போட்டியில் மூணாவது சுற்றிலேயே வெளியே வந்துட்டோம், அது வேற கதை. இறக்கை மட்டும் கடைசி வரை ஒடியலை.