ஒன்றரை வெள்ளியில் ஒரு பள்ளிக்கூடம்



பரிசளிப்பு நாளில் நம் பிள்ளைகள் மேடையேறிக் கோப்பை வாங்குவதைப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது. இந்த நன்னாளில், பருத்திக் காட்டில் பிறந்து வளர்ந்து, கையில் ஒன்றரை வெள்ளியை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே உண்டாக்கிய ஓர் அம்மையாரின் வரலாற்றைத் தெரிந்துகொள்வோம். அவர் பெயர் மேரி மெக்லியோட் பெத்தூன்.

ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து, கப்பலில் அடைத்து, அமெரிக்காவில் ஆடு மாடு போல விற்ற கொடுமையை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அப்படி விற்கப்பட்டவர்களின் வழியில் வந்தவர்களே மேரியின் தந்தை சாமுவேலும் தாய் பேட்சியும். இருவரும் அடிமைகளாக உழைத்தவர்கள். 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1875 ஜூலை 10-ஆம் நாள், தென் கரோலினா மாநிலத்தில் மேஸ்வில் என்ற சிற்றூருக்கு அருகே மேரி பிறந்தார். பதினேழு பிள்ளைகளில் அவர் பதினைந்தாவது. அண்ணன் அக்காமார் பலர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். மேரியோ சுதந்திரமாகப் பிறந்த பிள்ளை.

சுதந்திரம் வந்துவிட்டால் சோறும் வந்துவிடுமா? பழைய முதலாளியிடமே கூலிக்கு உழைத்து, காசு சேர்த்து, அந்தக் குடும்பம் ஐந்து ஏக்கர் நிலம் வாங்கியது. பெரியவர், சின்னவர் எல்லாரும் பருத்தி எடுக்கப் போக வேண்டும். படிப்பு? அந்த மாநிலத்தில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம் என்று முன்பு சட்டம் இருந்தது. அதனால் வீட்டில் ஒருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது.

ஒரு நாள் மேரி, தன் அம்மாவோடு ஒரு வெள்ளைக்காரர் வீட்டுக்குச் சலவைத் துணி கொடுக்கப் போனாள். அங்கே கிடந்த ஒரு புத்தகத்தை ஆசையாகக் கையில் எடுத்தாள். அந்த வீட்டுச் சிறுமி அதைக் கீழே வைக்கச் சொன்னாள்; உனக்குத்தான் படிக்கத் தெரியாதே என்றும் சொல்லிவிட்டாள். அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. இரண்டு பேருக்கும் இடையே இருக்கும் வேறுபாடு இந்தப் படிப்புதானோ என்று அந்தப் பிஞ்சு மனம் எண்ணியது. எப்படியும் படித்தே தீருவது என்று அன்றே முடிவு செய்தாள்.

பிறகு கிறிஸ்தவ சபை ஒன்று அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்தது. எல்லாப் பிள்ளைகளையும் அனுப்பினால் காட்டு வேலையை யார் பார்ப்பது? ஒரே ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்ற நிலை. மேரிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. போக ஐந்து மைல், வர ஐந்து மைல், தினமும் நடைதான். பகலில் படித்ததை இரவில் விளக்கடியில் உட்கார்ந்து வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பாள். கணக்குப் படித்ததும், பருத்தி நிறுக்கும் இடத்தில் அக்கம்பக்கத்தார் ஏமாந்து போகாதபடி எடையையும் கூலியையும் சரிபார்த்துக் கொடுத்தாள் என்று அவர் வரலாறு கூறும். படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அக்கம்பக்கம் எல்லாருக்கும் அது பலன் தரும், பாருங்கள்!

மேற்படிப்புக்குப் பணமில்லை. எங்கோ தூரத்தில், டென்வர் நகரில் தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்மணி, ஏழைப் பிள்ளை ஒன்றைப் படிக்க வைக்கத் தம் சேமிப்பிலிருந்து பணம் தந்தார். அந்த உதவியால் மேரி 1888-இல் ஸ்கோஷியா என்ற பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். பிறகு சிகாகோவிலும் படித்தார். தம் முன்னோர் மண்ணான ஆப்பிரிக்காவுக்குச் சென்று தொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று சபையார் மறுத்துவிட்டார்கள். மனம் உடைந்தாலும் அவர் சும்மா இருக்கவில்லை. தாம் தொண்டு செய்ய வேண்டிய மக்கள் தம் நாட்டிலேயே இருக்கிறார்கள் என்று உணர்ந்து ஆசிரியரானார். 1898-இல் ஆல்பர்ட்டஸ் பெத்தூன் என்பவரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான்.

புளோரிடா மாநிலத்தின் டேடோனா நகரில், ரயில் பாதை போட வந்த கறுப்பினத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிப்பில்லாமல் இருப்பதாக அவர் கேள்விப்பட்டார். உடனே மகனோடு அங்கே புறப்பட்டார். 1904 அக்டோபர் 3-ஆம் நாள், வாடகை வீடொன்றில் பள்ளியைத் திறந்தார். கையில் இருந்த காசு ஒன்றரை அமெரிக்க வெள்ளி. வந்த மாணவிகள் ஐந்தே பேர். ஆறாவதாக அவர் மகன். மரப்பெட்டிகளே மேசை நாற்காலி. அடுப்புக் கரியே பென்சில். காட்டுப் பழச்சாறே மை.

காசுக்கு என்ன வழி? சர்க்கரைவள்ளிக் கிழங்கில் பலகாரம் சுட்டுத் தொழிலாளர்களிடம் விற்றார். அந்தக் காசில் ஊர்க் குப்பை கொட்டும் இடமொன்றைத் தவணையில் வாங்கி, சுத்தம் செய்து, கட்டடம் எழுப்பினார். செல்வந்தர் வீட்டுக் கதவுகளையும் தட்டினார். கேட்க அவர் வெட்கப்படவில்லை. தம் மாணவி ஒருத்திக்கு வெள்ளையர் மருத்துவமனையில் சரியான கவனிப்புக் கிடைக்காததைக் கண்டு, 1911-இல் ஒரு மருத்துவமனையையும் தொடங்கினார்.

1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. கறுப்பின மக்களை ஓட்டுப் போட வைக்க அம்மையார் பாடுபட்டார். அது பொறுக்காத நிறவெறிக் கும்பல் ஒன்று, தேர்தலுக்கு முந்திய இரவில் முகமூடியோடு பள்ளிக்குள் நுழைந்து மிரட்டியது. அவர் அஞ்சவில்லை. விடிந்ததும் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஓட்டுச் சாவடிக்குப் போய் வரிசையில் நின்றார்.

பள்ளி வளர்ந்தது. 1923-இல் ஆண்கள் கல்வி நிலையம் ஒன்றோடு இணைந்தது. 1931-இல் பெத்தூன்-குக்மன் கல்லூரி என்ற பெயர் பெற்றது. 2007-இல் அது பல்கலைக்கழகமாகவே ஆனது. 1935-இல் கறுப்பினப் பெண்களுக்காகத் தேசிய மன்றம் ஒன்றை அம்மையார் நிறுவினார். அடுத்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு, இளைஞர் நலத் துறையில் அவருக்கு உயர்ந்த பொறுப்பு அளித்தது. 1955 மே 18-இல் அவர் மறைந்தார். தாம் உருவாக்கிய கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இன்னொரு செய்தியும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற மாளிகையில் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகள் வைக்கலாம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தரப்பின் தளபதி ஒருவரின் சிலை புளோரிடாவின் சார்பில் அங்கே இருந்தது. அதை எடுத்துவிட்டு, 2022-இல் மேரி அம்மையாரின் சிலையை வைத்தார்கள். மாநிலத்தின் பெயரால் அங்கே சிலை பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

பெற்றோர்களே! நம்ம பள்ளி சின்னப் பள்ளிதானே, பிள்ளைகள் கொஞ்சம்தானே என்று யாராவது சொன்னால், அந்த ஐந்து மாணவிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களும் சரி, வாங்காதவர்களும் சரி, இன்றிரவு வீட்டுக்குப் போய், படித்த பாடம் ஒன்றைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். மேரி அப்படித்தான் தொடங்கினார்.

வாழ்க அம்மையார் புகழ்! வளர்க நம் பள்ளி!